கையெழுத்து வாங்கினால் கதை முடிந்துவிடுமா?

நீதிமன்றம் தவறு செய்தால் ஓர் எழுத்தாளரால் என்ன செய்துவிட முடியும்? (அத்திப்பட்டு)

பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் செய்து காட்டினார். துலூஸ் நகரத் துணி வியாபாரி ழான் காலா, புராட்டஸ்டன்ட். 1761இல் மகன் வீட்டிலேயே பிணமாகக் கிடந்தான். கத்தோலிக்க மதத்துக்கு மாற இருந்தவனைத் தகப்பனே கொன்றுவிட்டார் என்று ஊர் பேசியது, நீதிபதிகளும் நம்பினார்கள். மறு ஆண்டு காலாவைச் சக்கரத்தில் கட்டி எலும்புகளை முறித்துக் கொன்றார்கள். வால்டேர் விடவில்லை. எழுதினார், பெரிய மனிதர்களின் கதவைத் தட்டினார். 1765இல் காலா நிரபராதி என்று தீர்ப்பு வந்தது. குடும்பத்துக்கு மானம் திரும்பியது, உயிர் திரும்பவில்லை.

நம் பக்கம் அப்படி நடந்ததுண்டா? (மீஞ்சூர்)

இங்கே அநியாயம் எழுத்தாளருக்கே நடந்தது. நாவலாசிரியர் பெருமாள்முருகனை மறந்துவிட்டீர்களா? அவருடைய 'மாதொருபாகன்' நாவல் 2010இல் வந்தது. நான்கு ஆண்டு எந்தச் சத்தமும் இல்லை. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில், மனம் புண்பட்டதாகச் சொல்லிப் புத்தகத்தை எரித்தார்கள், பிறகு கடையடைப்பு. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் 'சமாதானப் பேச்சு'. வருத்தம் தெரிவிக்க அவர் தயாராகவே வந்தார். அது போதாது, நிபந்தனையற்ற மன்னிப்பு வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். இன்று நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

பெருமாள்முருகனே கையெழுத்துப் போட்ட பிறகு அதை எதிர்த்து வழக்கு எதற்கு? (ஒப்பந்தத் தொழிலாளி, அத்திப்பட்டு புதுநகர்)

மிரட்டி வாங்கிய சம்மதம் சம்மதமே இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே அதற்கு இடம் தரவில்லை. ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் உங்களுக்கு இது புரியாதா? 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு, அந்தப் பேச்சுவார்த்தை யாரையும் கட்டுப்படுத்தாது என்றது. பெருமாள்முருகன் மீது குற்ற நடவடிக்கை கோரிய மனு தள்ளுபடி. எழுத்தாளர் உயிர்த்தெழுந்து எழுதட்டும் என்றும் சொன்னது.

மனம் புண்பட்டவர்கள் என்ன செய்வது? (கும்மிடிப்பூண்டி)

மறுத்து எழுதலாம், கூட்டம் போட்டுப் பேசலாம், படிக்காமலும் இருக்கலாம். எரிக்கவும் ஊரைவிட்டுத் துரத்தவும் உரிமை கிடையாது.

சாதாரண வாசகர்களால் ஆவது என்ன? (அத்திப்பட்டு)

நிறைய. அந்தக் கையெழுத்தை எதிர்த்து நீதிமன்றம் போனவர் பெருமாள்முருகன் இல்லை. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் (தமுஎகச) தலைவராக இருந்த ச. தமிழ்ச்செல்வன். பாதிக்கப்பட்டவர் வாயடைத்து நிற்கும்போது பக்கத்தில் இருப்பவர்தான் பேச வேண்டும். முதலில் நாவலை முழுசாகப் படியுங்கள். அதில் வரும் கணவன் மனைவியான காளி, பொன்னா கதையை நாலு பேருக்குச் சொல்லுங்கள்.