சோழவரம் போகாமலே சோழவரம் பார்த்தவர் ஆவது எப்படி

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ இருந்துகொண்டு பழைய ரேஸ் கார்களைப் பற்றி ஏங்கிப் பேச ஆசைப்படுகிறவர்களுக்கு முதலில் ஓர் ஆறுதல் சொல்லிவிடுகிறேன். சோழவரம் பந்தயத்தைப் பார்த்தேன் என்று சொல்வதற்குச் சோழவரம் போயிருக்க வேண்டியதில்லை. நானும் போனதில்லை. இருபது வருஷமாகப் பார்த்தவனாகவே பேசிக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒருவரும் டிக்கெட்டைக் காட்டு என்று கேட்டதில்லை.

எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் குழப்பம் வேண்டாம். மட்கார்டு கிடையாது, கூரை கிடையாது, கதவு கிடையாது, பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் கிடையாது. நாலு சக்கரமும் உடம்புக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அதுதான் ஃபார்முலா கார். வீட்டு உபயோகத்துக் காரைத் திருத்தி ஓட்டிய பந்தயங்களும் இருந்தன. அவற்றை நினைத்து ஏங்குகிறவர்கள் பக்கத்து பெஞ்சில் உட்காரலாம்.

அடுத்து வயதைச் சரிபாருங்கள். சோழவரம் என்பது சென்னைக்கு வடக்கே இருக்கும் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்திக்கொண்டிருந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே ஓடுபாதை வந்தது, சோழவரத்தின் கதை முடிந்தது. 1985க்குப் பிறகு பிறந்தவர்கள் நேரடிச் சாட்சி சொன்னால் எடுபடாது. ‘தாய்மாமன் தோள்மேல உட்கார்ந்து பார்த்தேன்’ என்பது பாதுகாப்பான வாசகம். மாமன் காலமாகியிருந்தால் இன்னும் பாதுகாப்பு. விழுப்புரம் மாவட்டமே 1993இல்தான் பிறந்தது என்பதையும் மறக்க வேண்டாம். “அப்பல்லாம் நாம தென்னாற்காடு” என்று ஆரம்பித்துவிட்டால், மீதிக் கதையை யாரும் உரசிப் பார்க்க மாட்டார்கள்.

இனி, பார்த்ததாகச் சொல்ல ஒரு காரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லோரும் பாய்வது மல்லையாவின் என்சைன் மேல். 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் என்ற நிஜமான ஃபார்முலா ஒன் காரைக் கொண்டுவந்து சோழவரத்தில் ஓட்டினார். நடந்த விஷயம்தான். ஆனால் இந்தத் தேர்வில் ஒரு சிக்கல் இருக்கிறது. மல்லையா என்ற பெயரை டீக்கடையில் எடுத்த அரை நிமிஷத்தில் பேச்சு காரை விட்டுவிட்டு பாங்குக்குப் போய்விடும். நகைக்கடன் வட்டி, பயிர்க்கடன் தள்ளுபடி என்று அது ஊர் சுற்றித் திரும்புவதற்குள் டீ ஆறிவிடும்.

என் சிபாரிசு கரிவரதன். கோயம்புத்தூர்க்காரர். தானும் ஓட்டுவார், அடுத்தவர் ஓட்டுவதற்கு வண்டியும் கட்டுவார். வெளிநாட்டில் பழசாகிப்போன ரேஸ் காரை வாங்கிவர வசதியிருந்தவர்களே பெரும்பாலும் ஃபார்முலா ஓட்டிய நாட்டில், 1980களின் இறுதியில் அவர் ஒரு காரியம் செய்தார். மாருதி 800இன் இன்ஜினை எடுத்து ஒத்தை ஆள் ரேஸ் காரில் வைத்தார். 796 சிசி, மூன்று சிலிண்டர். திண்டிவனத்தில் டாக்டர் வீட்டு வாசலில் நின்ற அதே இன்ஜின், கல்யாணத்துக்கு ஐந்து பேரை அடைத்துக்கொண்டு செஞ்சி ரோட்டில் முனகிக்கொண்டு போகும் அதே இன்ஜின். பெயர் ஃபார்முலா மாருதி. நரேன் கார்த்திகேயன் முதன்முதலில் பந்தயம் ஓட்டியது இதில்தான். முதல் பந்தயத்திலேயே மேடை ஏறினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பேசலாம், தப்பில்லை. ஃபெராரியின் பன்னிரண்டு சிலிண்டரைப் பற்றி நாம் என்னதான் உருகினாலும் அது கேள்விப்பட்ட கடவுள். ஃபார்முலா மாருதி அப்படியல்ல, அது குலதெய்வம். அதன் இன்ஜினை இறக்கி ஏற்றத் தெரிந்த ஆள் விழுப்புரத்தில் தெருவுக்கு ஒருவர் இருந்தார். ஹெட் காஸ்கெட் போனால் என்ன வாடை வரும் என்பது நமக்குத் தெரியும். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தய ஓடுபாதைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துங்கள். இந்த ஒரு இடத்தில் நடிக்க வேண்டியதில்லை.

“அந்த மாதிரி ஓடுபாதை ஒன்றுகூட இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு உங்களுக்கு ஏன் இந்த வேலை?” என்று யாராவது கேட்பார்கள், பெரும்பாலும் மனைவி. பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ரேஸ் பார்ப்பதற்கென்றே கட்டப்பட்ட ஊர்கள் விழுப்புரமும் திண்டிவனமும்தான். சென்னையிலிருந்து தெற்கே போகிறவன் எவனும் எங்களைத் தாண்டாமல் போக முடியாது. எங்களைப் பார்க்க எவனும் வருவதும் கிடையாது. வாழ்நாள் முழுக்க ரோட்டோரத்தில் நின்று அடுத்தவன் வேகமாகப் போவதைப் பார்ப்பது எங்கள் பரம்பரைத் தொழில். இதைவிடப் பெரிய பயிற்சி ஒரு ரசிகனுக்கு எங்கே கிடைக்கும்? கூட்டேரிப்பட்டில் பிறந்த பையனுக்குக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் டர்போ வண்டி எது, சாதா வண்டி எது என்று தெரியும். வண்டி கிட்டே வரும்போது சத்தம் ஏறும், தாண்டியதும் இறங்கும். அதற்கு டாப்ளர் என்று ஒரு வெள்ளைக்காரர் பெயரை வைத்திருக்கிறார்கள் என்பது அவனுக்குப் பத்தாம் வகுப்பில்தான் தெரியவரும்.

எந்த ஊர் ரசிகன் உசத்தி என்ற சண்டை கட்டாயம் வரும், அதற்கும் ஆயத்தமாக வேண்டும். திண்டிவனத்தார் வாதம் இது: பாண்டிச்சேரிக்கு ஒன்று, திருவண்ணாமலைக்கு ஒன்று, திருச்சிக்கு ஒன்று என்று ரோடு பிரிவது எங்களிடம்தான், ஆகவே வளைவில் வண்டி எப்படித் திரும்பும் என்பது எங்களுக்கே தெரியும். விழுப்புரத்தார் வாதம்: எங்களுடையது ஜங்ஷன், ரயிலையே பார்த்தவர்கள் நாங்கள், உன் ரோடு எம்மாத்திரம்? இரண்டுக்கும் நடுவில் இருக்கும் விக்கிரவாண்டிக்காரர் ஒன்றும் பேச மாட்டார். டோல்கேட் அவர் ஊரில் இருக்கிறது. எப்பேர்ப்பட்ட வேகமும் அவர் முன்னால் வந்து நின்றுதான் ஆக வேண்டும். பொங்கலுக்கு முந்தைய நாள் அங்கே போய்ப் பாருங்கள், ஃபார்முலா ஒன்னில் இரண்டு சொச்சம் வினாடியில் நாலு டயரையும் மாற்றுகிறார்கள் என்ற செய்தி புராணம் மாதிரி இருக்கும்.

வெளிநாட்டுப் பழைய கார்கள் சில மனப்பாடமாக இருக்க வேண்டும். ரொம்ப வேண்டாம், மூன்று போதும். அவற்றையும் பெஞ்சுக்குத் தக்கபடி சொல்ல வேண்டும். டிரெல் பி34 என்று 1976இல் ஒரு கார் வந்தது. முன்னால் நாலு பொடிச் சக்கரம், பின்னால் இரண்டு பெரிய சக்கரம். காற்று முட்டுவதைக் குறைக்கச் சக்கரத்தைச் சின்னதாக்கினார்கள். சின்னதானால் பிடிப்பு குறையுமே என்று எண்ணிக்கையைக் கூட்டினார்கள். நான் இதை விவரமாக விளக்கி முடித்தபோது எதிரே இருந்தவர் கேட்டார்: “ஆறு சக்கரமா? அப்ப லாரின்னு சொல்லேன்பா.” அந்த லாரி சுவீடனில் ஜெயித்தது என்று சொல்லியும் அவர் முகத்தில் மாற்றமில்லை. மணல் லோடு அடிக்கிறவர்; பத்து சக்கரத்துக்குக் கீழே எதையும் மதிக்க மாட்டார்.

இரண்டாவது, 1978இன் பிராபம். பின்பக்கம் ராட்சச மின்விசிறி ஒன்று. வண்டிக்கு அடியிலிருக்கும் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும், வண்டி ரோட்டோடு ஒட்டிக்கொள்ளும். கேட்டால் “இன்ஜின் சூடு தணிக்கத்தான்” என்றார்கள். நிக்கி லாவ்டா அதே சுவீடனில் அதை ஓட்டி ஜெயித்தார். அந்த ஒரு பந்தயத்தோடு வண்டி வீட்டுக்குப் போய்விட்டது. இதை நெல் தூற்றும் விசிறியை வைத்து விளக்கினால் உடனே புரிகிறது. கூடவே “கரன்ட்டு போயிட்டா?” என்ற கேள்வியும் வரும். மூன்றாவது, 1977இல் ரெனோ கொண்டுவந்த டர்போ கார். அடிக்கடி புகைவிட்டு நின்றதால் அதற்கு மஞ்சள் டீ கெட்டில் என்று பட்டப்பெயர். டீக்கடையில் இதற்கு விளக்கமே தேவைப்படாது.

பந்தயத்தில் உயிர்விட்ட சென்னாவைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். 1994 மே 1, இமோலா. அந்தத் தேதியைச் சொல்லிவிட்டு ரோட்டைப் பாருங்கள், போதும்.

நம்மவர்களைப் பற்றிப் பேசும்போது புள்ளிவிவரத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். 2005இல் நரேன் ஜோர்டான் அணியில் சேர்ந்து ஃபார்முலா ஒன்னில் பந்தயம் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்த ஜூன் 19ஆம் தேதி அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நாலாவது வந்து ஐந்து புள்ளி எடுத்தார். நம்ம ஊரில் நள்ளிரவு தாண்டிய நேரம். இதோடு நிறுத்தி, டீ சொல்லிவிட வேண்டும். நிறுத்தாவிட்டால் ஒரு குரல் வரும், என் அனுபவத்தில் அது எப்போதும் திண்டிவனத்துக் குரல்: “எத்தினி பேர்ணே ஓட்டுனாங்க?” ஆறு பேர். மிஷலின் டயர் அந்த ஓடுபாதைக்குத் தாங்காது என்று பதினாலு கார்கள் ஒரு சுற்றோடு ஒதுங்கிவிட்டன. மிச்சம் ஆறு. அதில் நாலாவது. “ஒதுங்குனது அவன் குத்தமா? நாலாவது நாலாவதுதான்டா” என்று சத்தமாகச் சொல்லுங்கள். உள்ளாட்சித் தேர்தலில் போட்டியின்றித் தேர்வானவரை நாம் தலைவர் என்று கூப்பிடுவதில்லையா?

நரேன் ஓட்டிய அந்த ஜோர்டான் அணி மிட்லண்ட் ஆனது, பிறகு ஸ்பைக்கர், அதற்கப்புறம் 2008இல் மல்லையா கையில் ஃபோர்ஸ் இந்தியா. பெயரில் இந்தியா இருந்தது. ஆனால் கடைசிவரை பந்தயத்தில் ஓர் இந்தியரையும் உட்காரவைக்கவில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறவில்லை. சென்னைப் பையன் கருண் சந்தோக் 2010இல் எச்ஆர்டி அணியில் பஹ்ரைன் போய் இறங்கினார். அந்தக் கார் முதன்முதலாக ஓடியதே தகுதிச் சுற்றில்தான். டெலிவரி எடுத்த வண்டியை எலுமிச்சம்பழம்கூட வைக்காமல் நேராகப் போட்டிக்குள் விட்டதுபோல. அதே 2010இல் நடிகர் அஜித் ஃபார்முலா டூ ஓட்டினார் என்பதையும் எங்காவது செருகிவிடுங்கள், பெஞ்சில் இளைஞர்கள் இருந்தால் காப்பாற்றும்.

கடைசியாக ஒரு புலம்பல் கட்டாயம் வேண்டும். “2014லேர்ந்து சத்தமே போச்சு” என்பது உலகம் முழுவதும் செல்லுபடியாகும். ஹைப்ரிட் இன்ஜின் வந்தபின் ஃபார்முலா ஒன் கார் மாவு மில் அளவுக்குக்கூடக் கத்துவதில்லை என்று சொல்லலாம். நிஜமான சத்தம் வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டைக்கே போகலாம். ஷூமாக்கரின் மகன் மிக் கூட 2017 ஜனவரியில் அங்கே வந்து எம்ஆர்எஃப் பந்தயத்தில் ஓட்டினார். சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கி, ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போய்விட்டால் கிட்டத்தட்ட வந்தாயிற்று. நான் வழி சொல்கிறேனே தவிர இன்னும் போகவில்லை. போய்விட்டால் ஏங்குவதற்கு என்ன இருக்கும்?

எச்சரிக்கை ஒன்று பாக்கி. என்றைக்காவது, நிஜமாகவே சோழவரம் போய்வந்தவர் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவார். எங்களுக்கு அது நடந்தது. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீசல் பம்ப் வேலை பார்த்த பெரியவர். பாதிப் பேச்சில், “நானும் போனேன்பா ஒருவாட்டி” என்றார். கடையே திரும்பியது. எனக்குக் கை நடுங்கிவிட்டது, அதுவரை மாமன் தோளில் உட்கார்ந்திருந்தவன் நான்.

“யாரைப் பாத்தீங்க பெரியப்பா? கரிவரதனா? மல்லையாவா?”

“எங்கேர்ந்து பாக்குறது. எதிர்க்க அம்மாஞ் சனம். புழுதி. வெயிலு. தண்ணி கெடைக்கல.”

“சரி, எந்தக் கார் ஜெயிச்சது?”

“தெரியலப்பா. திரும்பி வர்றதுக்குள்ள கடைசி பஸ் போயிடுச்சி. பாரிமுனையில பஸ் ஸ்டாண்டுலயே படுத்துக்கினு காலையில வந்தேன்.”

இப்படிப்பட்டவர்களைப் பேச்சில் சேர்க்கக் கூடாது. அவர்களால் ஒரு பிரயோசனமும் கிடையாது. நான் பேச்சை மறுபடி 1976க்கு இழுத்தேன். பெரியவர் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார், சில்லறை தேடினார், ஏதோ நினைவு வந்தவர்போல நின்றார்.

“ஒண்ணு மட்டும் செவப்பா போச்சிப்பா” என்றார்.