ஒரே ஆரியா, இரண்டு கூல்ட்

கேள்வி: பியானோவில் எல்லாமே எழுதி வைத்த ஸ்வரங்கள்தானே? வாசிப்பவரின் உணர்ச்சிக்கு அதில் ஏது இடம்?

பதில்: குறிப்பு ஒன்றுதான், அம்மா வைக்கும் ரசமும் அத்தை வைக்கும் ரசமும் ஒன்றா?

பாக் எழுதிய 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' 1741-ல் அச்சானது. கனடாவின் பியானோ கலைஞர் கிளென் கூல்ட் அதை 1955-ல், 22 வயதில், நியூயார்க்கில் பதிவு செய்தார். 1981-ல், 48 வயதில், அதே ஸ்டூடியோவில் மறுபடியும் வாசித்தார். தொடக்கத்தில் வரும் 'ஆரியா' என்ற மெல்லிசைப் பகுதி முதல் பதிவில் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இரண்டாவதில் மூன்று நிமிடத்தைத் தாண்டும். பாக் எழுதியது ஹார்ப்சிகார்டு என்ற பழைய விசைக் கருவிக்கு. அந்த ஆரியாவுக்கு வேகம் இவ்வளவு, சத்தம் இவ்வளவு என்று அவர் குறிக்கவே இல்லை. அந்த வெற்றிடம்தான் கலைஞரின் வீடு. இளைஞர் கூல்ட் அங்கே துள்ளி ஓடுகிறார். நடுவயதுக்காரர் ஒவ்வொரு ஸ்வரத்தின் அருகிலும் உட்கார்ந்து எழுகிறார். இரண்டிலும் அவர் தன்னை மறந்து முனகுவது லேசாகக் கேட்கும். (அதை இரைச்சல் என்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு!) என் ஓட்டு 1981-க்கு. இரண்டு ஆரியாவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், ஐந்தே நிமிடம்தான். உங்கள் ஓட்டு எதற்கு என்று எழுதுங்கள்.