டங்ஸ்டன் வேட்டைக்காரர்

டங்ஸ்டன் வேட்டைக்காரர் அமெரிக்கக் காடுகளில் வசந்தகாலத்தில் தென்படுபவர். விடியுமுன்பே மரத்தடியில் முதுகைச் சாய்த்து, தலை முதல் கால் வரை இலைதழை அச்சிட்ட உடுப்பில், வான்கோழிச் சேவலுக்காகக் காத்திருப்பார். மற்ற வேட்டைக்காரர்களிலிருந்து அவரைப் பிரித்துக் காட்டுவது துப்பாக்கிக்குள் இருக்கும் தோட்டா. அது வெளியே தெரியாது என்பதால் விலையை அவரே சொல்லிவிடுவார்.

சாதாரண ஈயத் தோட்டா ஓரிரு டாலருக்குக் கிடைக்கும். டங்ஸ்டன் தோட்டா ஒன்றே 10 டாலரை எட்டும், தாண்டும். ஐந்து கொண்ட பெட்டியாக விற்கிறார்கள். இதற்கு அவர் சொல்லும் நியாயம் பொய்யல்ல. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11 கிராம் சொச்சம். டங்ஸ்டன் கலவைக்குச் சுமார் 18. கனம் கூடியதால் தோட்டாவுக்குள் இருக்கும் ரவையைப் பொடிசாக்கலாம். 5ஆம் எண் ஈய ரவை அவுன்ஸுக்குச் சுமார் 170. 9ஆம் எண் டங்ஸ்டன் ரவை சுமார் 360. வான்கோழியைத் தலையிலும் கழுத்திலும்தான் சுட வேண்டும். அந்தச் சிறிய இடத்தில் எத்தனை ரவை விழுகிறது என்பதே கணக்கு. .410 போன்ற ஒல்லித் துப்பாக்கியும் வான்கோழிக்கு எடுபட்டது இதனால்தான்.

"வருஷத்துக்கு ஒன்றிரண்டு தோட்டாதானே செலவு" என்பது அவருடைய அடுத்த வாதம். பல மாநிலங்களில் பருவத்துக்கு ஓரிரு சேவல்களுக்கே அனுமதி என்பதால் அதுவும் சரியே. அதைக் கெடுப்பது காகிதம். பருவத்துக்கு முன் தாளில் 10 அங்குல வட்டம் போட்டு, 40 கெஜத்திலிருந்து சுட்டு, துளைகளைப் பேனாவால் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து எண்ணுவார். 100 துளை போதும் என்பது வழக்கம்; 200 ஆனாலும் அவர் மனம் ஆறாது. பெட்டியில் நான்கைக் காகிதம் தின்றுவிடும். ஐந்தாவது காட்டுக்குப் போகும்.

இவ்வகையினரின் இயற்கைப் பகை மாமனார். அவரிடம் இருப்பது மேலட்டை வெளுத்த பழைய ஈயத் தோட்டா. வான்கோழியை அழைக்கும் மரப்பெட்டியின் மூடியில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, மூடியை மெல்ல இழுத்து, பெட்டைக்கோழி போல ஒலி எழுப்பிவிட்டுச் சும்மா இருப்பார். சேவல் 25 கெஜத்துக்கு வந்ததும் சுடுவார். என்ன தோட்டா என்று மருமகன் கேட்டால், "அலமாரியில் இருந்தது" என்பார்.

மருமகனின் சேவலோ புதரைச் சுற்றிக்கொண்டு 12 கெஜத்தில் வந்து நிற்கும். 40 கெஜத்துக்கென்று இறுக்கிய சோக் (ரவை சிதறாமல் குழல் முனையைக் குறுக்கும் குழாய்) வழியே பாயும் ரவைக்கூட்டம் அந்தத் தூரத்தில் சாத்துக்குடி அளவுக்கு விரிந்தாலே அதிகம். சேவல் தலையை ஓர் அங்குலம் ஆட்டிவிட்டு, ரவைக்கு வழி விட்டதுபோல நின்று, பிறகு பறந்துபோகும்.

ஒல்லித் துப்பாக்கிக்காரருக்கும், ஈயத்துக்குத் தடையுள்ள நிலத்தில் வேட்டையாடுபவருக்கும் டங்ஸ்டனுக்குக் கொடுக்கும் காசு தகும். சேவலைப் பக்கத்தில் அழைக்கத் தெரிந்தவருக்கு ஈயமே போதும். டங்ஸ்டன் வேட்டைக்காரர் இந்த முடிவுக்கு வருவதில்லை. இவ்வளவு விலை கொடுத்த தோட்டா தப்பு செய்யாது என்பதால் பழி சோக்கின் மீது விழும். புதிய சோக் வாங்குவார். சோக் மாறினால் மறுபடியும் தாளில் சுட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு இன்னொரு பெட்டி வேண்டும்.