புகை போடுமுன் ஒரு வார்த்தை

ஏலே பேராண்டி, ஆல்பம் பாட்டு எடுக்கப் போறியாமே. நல்லா எடு. காதல் தோல்விப் பாட்டுன்னு சொன்னாக. அதுக்கு எதுக்குலே வாடகைக்கு வெளிநாட்டுக் காரும் புகை மிஷினும்? அவ போனதுக்கு அழுறியா, இல்ல அடுத்தவளுக்கு வலை வீசுறியா?

எடுக்கிறவனும் பாக்கிறவனும் வாய் தெறக்காமலே ஒரு ஒப்பந்தம் போட்டு வச்சிருக்காகலே. ரெண்டு பூ உரசினா முத்தம்னு நாங்க அந்தக் காலத்துலயே வெளங்கிக்கிட்டோம். சென்சார்காரரும் வெளங்கிக்கிட்டு, வெளங்காத மாதிரி இருந்தாரு. சரணத்துக்குச் சரணம் சேலை மாறினா அது கனா. எப்ப மாத்தினான்னு எந்தக் கொட்டகையிலயும் ஒருத்தன் எந்திரிச்சுக் கேட்டதில்ல. ஓடுற பையனோட காலைக் காட்டி, காமிராவை மேல தூக்கினா மீசையோட ஒருத்தன் நிப்பான்; இருவது வருசம் போச்சு! சூர்யவம்சத்துல (1997) ஒத்தப் பாட்டுல சரத்குமார் முதலாளி ஆயிட்டாரு. படம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா, என் எருமை மட்டும் நேத்துக் கறந்த பாலைத்தான் கறந்துச்சு.

சோடனையே இல்லாம எடுக்கலாமேன்னு கேப்ப. 2011-ல தனுஷ் கொலவெறிப் பாட்டுக்கு என்ன செஞ்சாரு? ரெக்கார்டிங் ரூம், காதுல ஹெட்போன், கூட நாலு சோட்டாளிக. மழையில்ல, மலையில்ல. யூடியூப்புல கோடிக்கணக்குல பாத்தாக. ஆனா ஏமாந்துராத. 'சும்மா வெளையாட்டாப் பாடுறோம்'னு சொல்லாமச் சொல்றதுக்கு அந்த ஹெட்போன்தான் வேசம். அவுக பாட்டு வெளையாட்டுப் பாட்டு, பொருந்துச்சு. நீ அதை மாட்டிக்கிட்டு ஒப்பாரி வச்சா, கால் சென்டர்ல சம்பளம் போடலன்னு நெனப்பாக.

ட்ரோனு வேணாம்னு சொல்லல. ஒசரத்துல இருந்து பாத்தா மனுசன் எறும்பளவுதான். தனிச்சுக் கெடக்கான்னு அதுவே சொல்லிரும். ஒருக்கா ஏத்து, போதும். பாட்டு முச்சூடும் பறந்தா, பயலுக்குப் பத்திரத்துல வில்லங்கம், சர்வே எடுக்கான்னுதான் ஊரு பேசும்.

அப்புறம், மண் மணத்துக்கு என் பொக்கை வாய்ச் சிரிப்பை குளோசப்ல எடுக்கணும்னு உன் காமிராக்காரன் வந்து கேட்டான். கிராமத்துக் கெழவன்னா பல்லு இருக்கக் கூடாது, அது உங்க சட்டம். நான் கோவில்பட்டியில காசைக் கொட்டிப் பல்லு கட்டியிருக்கேன்லே! கழட்டணுமா, கழட்டுறேன். கட்டினதுக்கு ஆன காசை முன்பணமா வச்சிரு. வெறிச்சு வெறிச்சுத் தூரத்தைப் பாக்கணும்னா அதுக்குத் தனிக் கூலி.