பந்து கடல்புகு படலம்: மான்டெரே தீபகற்பத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கோல்ஃப் குறித்து வந்துள்ள நூல்கள் பலவும் பந்து குழியில் விழுவதைப் பற்றியே பேசுகின்றன. குழியின் விட்டம் நாலேகால் அங்குலம். கலிஃபோர்னியாவின் மான்டெரே தீபகற்பத்தில் அந்தக் குழிக்குச் சற்றுத் தள்ளிக் கிடக்கும் பசிபிக் பெருங்கடலோ பூமியின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பந்துக்கு எது எளிய இலக்கு என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அக்குறையைத் தீர்க்க எழுந்தது இக்கட்டுரை. இதன் கருதுகோள் வருமாறு: இத்தீபகற்பத்தில் பந்து கடலுக்குப் போவது இயற்கை, குழிக்குப் போவது தற்செயல்.

ஆய்வு எல்லை பெப்பிள் பீச், சைப்ரஸ் பாயின்ட் ஆகிய இரு மைதானங்கள். அருகிலுள்ள ஸ்பைகிளாஸ் ஹில் மைதானத்தின் குழிகளுக்கு ஸ்டீவன்சனின் புதையல் தீவு நாவலிலிருந்து பெயர் வைத்திருக்கிறார்கள். ஆயினும் அங்கே பெரும்பாலான குழிகள் பைன் காட்டுக்குள் இருப்பதால் அதை வனத்துறை ஆய்வாளர்களுக்கு விட்டுவிடுகிறோம்.

முதலில் வரலாறு. பெப்பிள் பீச் மைதானம் 1919 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. வடிவமைத்த ஜாக் நெவில், டக்ளஸ் கிரான்ட் இருவரும் அமெச்சூர் ஆட்டக்காரர்கள். நிலத்தைக் கையில் வைத்திருந்தவர் சாமுவேல் எஃப். பி. மோர்ஸ், தந்தி கண்ட மோர்ஸுக்குத் தூரத்து உறவு. கடலைப் பார்த்த இடத்தை மனை போட்டு விற்காமல் ஆட்டத்துக்கு ஒதுக்கினார். ரியல் எஸ்டேட் தொழிலில் உள்ள வாசகர்கள் இவ்வரியை உட்கார்ந்துகொண்டு படிப்பது நல்லது. விளைவாக, இன்றைய பதினெட்டுக் குழிகளில் சரிபாதி கடலை ஒட்டியவை. கடலை இவ்வளவு நெருங்கி மைதானம் அமைத்துவிட்டு, பந்து நீரில் விழுந்தால் அதைத் தவறு என்று சொல்வது எந்த நியாயம் என்று விளங்கவில்லை.

அடுத்து இயற்பியல். விதிப்படி பந்தின் எடை 45.93 கிராமுக்கு மிகக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இந்த எல்லைகளில் அமைந்த பந்தின் அடர்த்தி, கணக்குப் போட்டால், கன சென்டிமீட்டருக்கு 1.13 கிராம் வருகிறது. கடல்நீருக்கு 1.025 அளவே. ஆகவே பந்து மூழ்கும். மிதந்து வந்து கரையேறும் என்று நம்புவோர் உளர். அவர்கள் கூற்று ஆர்க்கிமிடீசுக்கு எதிரானது ஆகலின் கொள்ளப்படாது.

‘அவ்வாறாயின் 1984இல் நடந்தது என்ன?’ எனின், கூறுதும். பாடகர் பிங் கிராஸ்பி பெயரில் நடந்த போட்டியின் இறுதி நாளில் பெப்பிள் பீச்சின் பதினெட்டாம் குழிக்கு ஹேல் இர்வின் அடித்த பந்து இடப்பக்கம் கடலை நோக்கி வளைந்தது. பாறையில் பட்டது. பட்டது அப்படியே துள்ளி ஃபேர்வேக்குத் திரும்பி வந்தது. இர்வின் அந்தக் குழியில் பர்டி எடுத்துச் சமன் செய்து, பிளே-ஆஃபில் கோப்பையையும் வென்றார். இதைக் கொண்டு கடல் பந்தைத் திருப்பித் தரும் எனத் துணிதல் ஆகாது. தந்தது பாறை, கடல் அன்று. இது புறனடை.

கடல்புகும் பந்துகளைக் காற்றால் புகுவன, கையால் புகுவன, மனத்தால் புகுவன எனப் பிரிக்கலாம். காற்றுக்குச் சிறந்த களம் பெப்பிள் பீச்சின் ஏழாம் குழி. நீளம் 110 கெஜத்துக்கும் குறைவு. அமைதியான நாளில் வெட்ஜ் கோலால் சும்மா தட்டிவிடும் தூரம். காற்று எழும்பினால் பெரிய பெரிய ஆட்டக்காரர்களும் கோலை மாற்றி மாற்றி எடுப்பார்கள். 1992 யு.எஸ். ஓபன் இறுதி நாளில் அப்படியொரு காற்று. டாம் கைட்டின் பந்தும் கிரீனில் நிற்காமல் விலகிற்று. அங்கிருந்து அவர் சிப் செய்த பந்து நேரே குழிக்குள் போய்விட, அன்று பட்டமும் அவருக்கே. 2024 ஏ.டி. அண்டு டி. போட்டியிலோ காற்று யாரையும் கேட்கவில்லை. புயல் வந்து கடைசி நாளையே எடுத்துக்கொண்டது. 54 குழிகளோடு ஆட்டத்தை முடித்து வின்டம் கிளார்க்கை வென்றவர் என்று அறிவித்தார்கள்.

கையால் புகுவனவற்றுக்கு மேற்கோள் டைகர் உட்ஸ். 2000 யு.எஸ். ஓபனில் யாரும் எட்டவே முடியாத தூரத்தில் முன்னே போய்க்கொண்டிருந்தவர், சனிக்கிழமை காலை பதினெட்டாம் குழியில் ஒரு பந்தைக் கடலுக்கு அனுப்பினார். உலகம் அறியாதது பையில் இருந்தது: மிச்சம் ஒரே ஒரு பந்து. முந்தைய இரவு ஓட்டல் அறையில் புட்டிங் பழகச் சில பந்துகளை எடுத்தவர், திரும்ப வைக்கவில்லை. இது தெரிந்த ஒரே மனிதர் அவருடைய பையைச் சுமந்த கேடி ஸ்டீவ் வில்லியம்ஸ். அந்தக் கடைசிப் பந்தும் நீருக்குப் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று அவர் நின்ற நிலை, ஆய்வுக்கு உட்படுத்தத் தக்கது. போகவில்லை. உட்ஸ் 15 அடி வித்தியாசத்தில் வென்றார். வரலாறு ஒரு பந்தில் தொங்கியது என்று சொல்வது இவ்விடத்தில் அணி அன்று, செய்தி.

மூன்றாம் வகையில் நகைச்சுவைக்கு இடமில்லை. அந்த யு.எஸ். ஓபனின் முந்தைய ஆண்டு வெற்றியாளர் பெய்ன் ஸ்டுவர்ட் 1999 அக்டோபரில் விமான விபத்தில் இறந்துபோனார். அவர் நினைவாக, 2000 போட்டி தொடங்கும் முன் ஆட்டக்காரர்கள் கரையில் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் பந்துகளைக் கடலுக்குள் அடித்தார்கள். வேண்டுமென்றே அடித்து, யாரும் தேடாத பந்துகள் அவை.

பந்து நிற்க, ஆள் போகும் வகை ஒன்றும் உண்டாகவிருந்தது. 2022இல் பெப்பிள் பீச்சின் எட்டாம் குழியில் ஜோர்டன் ஸ்பீத்தின் பந்து செங்குத்துப் பாறையின் விளிம்பில் வந்து நின்றது. கேடி வேண்டாம் என்று கெஞ்ச, அவர் விளிம்பில் காலூன்றி அடித்துவிட்டுப் பின்னோக்கி ஓடினார். பார் கிடைத்தது. ஒரு அடியை மிச்சம் பிடிக்கக் கொடுக்கத் துணிந்த விலையைக் கேடிதான் சரியாகக் கணக்கிட்டார் என்பது எம் துணிபு.

சைப்ரஸ் பாயின்டின் பதினாறாம் குழிக்குத் தனி அதிகாரமே எழுத வேண்டும். 1928இல் திறந்த இம்மைதானம் அலிஸ்டர் மெக்கென்சியின் கைவண்ணம். அங்கே டீயில் நின்றால் எதிரே கிரீன், நடுவில் கடல். பிங் கிராஸ்பி இதை ஒரே அடியில் போட்டிருக்கிறார். போர்க்கி ஆலிவர் என்ற தொழில்முறை வீரர் பதினாறு அடிகளில் முடித்தார். குழியின் எண்ணுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்தவர் வேறு எவரையும் யாம் கண்டிலம்.

சட்டத்தின் நோக்கு சுவையானது. குளத்தில் விழுந்தாலும் பசிபிக்கில் விழுந்தாலும் தண்டம் ஒரே ஒரு அடி. தேட மூன்று நிமிடம். நீரில் ஆடும் பந்தை அடிக்க விரும்பினால் அடிக்கலாம். ஆனால் அலை அதை நல்ல இடத்துக்குக் கொண்டுவரட்டும் என்று காத்திருப்பது குற்றம். நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல் என்றனர் நம் முன்னோர். கடலும் எற்பாடும் கடற்காகமும் இங்கேயும் பொருந்தியுள்ளன. கரையில் நின்று இரங்குபவள் தலைவி அல்லள், கட்டம் போட்ட கால்சட்டை அணிந்த நடுத்தர வயதுக்காரர்.

இதுகாறும் பந்தைத் தொலைத்தவர் பக்கமே நின்று பேசினோம். அது பெற்றுக்கொண்டவர் கணக்கைப் பார்க்காத ஆய்வு. அந்தக் கணக்கை எடுத்தது கோல்ஃப் சங்கம் எதுவும் அல்ல. அவ்வூர்ப் பள்ளி மாணவி ஒருத்தி. மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கியபோது அடித்தளம் வெள்ளையாகக் கிடப்பதைக் கண்டு, தந்தையோடும் தோழரோடும் பொறுக்கத் தொடங்கினாள். ஸ்டான்ஃபோர்டு விஞ்ஞானி ஒருவரும் சேர, 2019இல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. சுமார் இரண்டு ஆண்டுகளில் எடுத்தவை 50,681 பந்துகள். எடை ஏறத்தாழ இரண்டரை டன். பல பந்துகள் அலையில் உருண்டு தேய்ந்திருந்தன. தேய்ந்த துகள் மட்டும் 28 கிலோ அளவுக்குக் கடலில் கலந்திருக்கும் என்றது மதிப்பீடு. உள்ளிருக்கும் ரப்பர்ப் பகுதியில் துத்தநாகச் சேர்மங்கள் உண்டு. 1992 முதல் அந்தக் கடல் பாதுகாக்கப்பட்ட சரணாலயம். நீர்நாயும் கடல்நாயும் வாழும் இடம். ஆட்டக்காரரின் அட்டையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு அடி தண்டம் எழுதியாயிற்று. அதில் எதுவும் நீர்நாய்க்குப் போய்ச் சேரவில்லை.

ஆக, கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. ‘கடலே இலக்காயின் குழி எதற்கு?’ என்று வினவுவார்க்கு: கொடி நட ஓர் இடம் வேண்டும் என்க.

களஆய்வு மட்டும் நிலுவையில் உள்ளது. பெப்பிள் பீச்சில் ஒருமுறை ஆட 600 டாலருக்கு மேல், கேடிக்குத் தனி. நிதி வேண்டி எழுதிய விண்ணப்பத்தில், பயணப்படியைத் திரும்பத் தர வேண்டிய இனங்களிலும், பந்துகளை ‘திரும்பப் பெற இயலாதவை’ என்ற இனத்திலும் காட்டியுள்ளோம்.