காருக்கு நடக்கும் அபிஷேகம்

சென்னையில் கார் வாங்குகிறவர் முதலில் அதற்கு நிழல் தேடுவார். அந்த நிழல் ஒழுகும் என்பது ஐப்பசியில்தான் தெரியவரும். எங்கள் வீட்டு போர்ட்டிகோ அந்த ரகம். காருக்கு மேலே தட்டையான கான்கிரீட் தளம். அதுதான் முதல் மாடிக்கு சிட் அவுட். அதன்மேல் மரப்பலகை விரித்து, டெக் என்று பெயர் வைத்து, மாலையில் காப்பி குடிக்க ஏற்பாடு. மழைக்காலம் வந்தால் நாங்கள் உள்ளே போய்விடுவோம். காருக்கு அபிஷேகம் ஆரம்பமாகும்.

மழை விட்ட பிறகும் சொட்டுவதுதான் இதன் விசேஷம். வானம் வெளுத்து, எதிர்வீட்டில் துணி காயப்போட்டுவிடுவார்கள். எங்களுக்கு மட்டும் மறுநாளும் மழை. பலகைக்கு அடியில் வெயில் படாது, காற்றும் புகாது. தேங்கிய தண்ணீர் அவசரமில்லாமல் வழி பார்த்து இறங்கும். சும்மா இறங்குவதும் இல்லை. கான்கிரீட்டின் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்து பானெட்டில் விழும். காற்றுப் பட்டதும் வெள்ளையாகக் கெட்டிப்பட்டுவிடும். தண்ணீர் விட்டுக் கழுவினால் போகாது. வினிகர் தொட்டுத் துடைத்தால் கொஞ்சம் போகும். அப்படித் துடைத்துக்கொண்டிருந்தபோது, தெருவில் போனவர் ஒருவர் நின்று, "காரை ஊறுகாய் போடறீங்களா சார்?" என்று விசாரித்தார்.

ஒழுகலுக்கு வைத்தியம் தெரியாத ஆளே ஊரில் கிடையாது. மைத்துனன் வந்தான், அண்ணாந்து பார்த்தான். "சொட்டற எடத்தைக் கீழேருந்து அடைச்சா முடிஞ்சுது மாமா" என்று தானே ஸ்டூல் போட்டு ஏறி சிமென்ட் அப்பினான். தண்ணீர் கோபித்துக்கொள்ளவில்லை. நாலடி தள்ளி, விளக்கு மாட்டிய ஓட்டை வழியாக வந்தது. மேலே நுழையும் இடம் ஒன்று, கீழே விழும் இடம் வேறு. அடைபட்ட ஈரம் உள்ளேயே தங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்கும். கேட்டது கிடைக்காவிட்டால் காரையைப் பெயர்த்துக் கார்மேல் போடும்.

பெயின்ட் கடைக்காரர் ஒழுகலுக்கு மருந்து என்று ஒரு வாளியைக் காட்டினார். பத்து வருட உத்தரவாதமாம். சீட்டை வாங்கிப் படித்தேன். கடைசியில் பொடி எழுத்தில், தண்ணீர் தேங்காத தளத்துக்கு மட்டும் என்றிருந்தது. தேங்காவிட்டால் நான் ஏன் ஐயா உங்கள் கடைக்கு வருகிறேன்?

கடைசியில் ஒரு வயதான மேஸ்திரி வந்தார். அவர் அண்ணாந்தே பார்க்கவில்லை. நேரே மாடிக்குப் போய்ப் பலகையைக் கழற்றச் சொன்னார். அடியில் மக்கிப்போன வாதாம் இலை, துணி கிளிப், மாமியாருக்கும் எனக்கும் மனஸ்தாபம் உண்டாக்கிய வெள்ளி ஸ்பூன். பலகையைத் தாங்கும் சட்டங்களைத் தளத்தில் ஓட்டை போட்டுத் திருகியிருந்தார்கள். ஒவ்வொரு திருகும் ஓர் ஊற்றுக்கண். மேஸ்திரி சட்டைப்பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்துத் தரையில் வைத்தார். அது மழைநீர்க் குழாயின் பக்கமே திரும்பாமல் வீட்டுச் சுவரை நோக்கி உருண்டது.

"வாட்டம் வீட்டைப் பாத்து இருக்கு. தண்ணி எங்க சார் போகும், பாவம்?" என்றார். அவருடைய அனுதாபம் முழுவதும் தண்ணீருக்கே.

பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, ஓட்டைகளை அடைத்து, குழாயை நோக்கிப் பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவாகப் புதிய தளம் போட்டார். சுவரும் தளமும் சேரும் மூலையைக் கலவையால் வளைத்துவிட்டார். வாளி மருந்து அதற்குப் பிறகுதான், சுவரிலும் ஓரடி ஏற்றி. வேலை நடுவே, செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டிக் கெட்டிப்படுத்திய அந்தக் காலத்து மெட்ராஸ் தளத்தைப் பற்றி ஓயாமல் பேசினார். எனக்கென்னவோ அந்தப் பேச்சுக்கே தனியாகக் கூலி கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது.

பிறகு குழாயை அடைத்துத் தளத்தில் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விட்டார். கீழே சொட்டு இல்லை. பலகை திரும்பவும் வந்தது, இந்த முறை திருகு இல்லாமல் ரப்பர் கட்டைகள்மேல். வேண்டும்போது தூக்கி அடியில் பெருக்கலாம்.

டெக் போட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆசாரிக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரைத் தளத்தில் கொட்டி, அது எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். மைத்துனர் இருந்தால் அன்றைக்கு அவரை வெளியூர் அனுப்பிவிடுங்கள்.