கமிட்டி அண்ணன்

நாமக்கல் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் டாக்டருக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்க்கலாம். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா, இரண்டில் ஒன்று எழுதாது. புதிதாக வந்த நர்ஸ் விவரம் தெரியாமல், “ஓ.பி. சீட்டு போட்டாச்சுங்களா?” என்று கேட்டுவிட்டால் போச்சு. “ஏனுங் அம்மிணி, என்னப் பாத்தா பேஷண்டு மாதிரியா இருக்குது? நான் கமிட்டிங்!”

2005-ல் தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் வந்தபோது பிறந்த பதவி இது. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி நோயாளர் நலச் சங்கம், அதில் அதிகாரிகளோடு ஊர்ப் பெரியவர்களுக்கும் நாற்காலி. சம்பளம் கிடையாது, டீயும் மிக்சரும் உண்டு. ஒரு சுகாதார நிலையத்துக்கு வருஷம் 1.75 லட்சம் ரூபாய் என்று கணக்கு வைத்தார்கள். அண்ணனுக்குக் கோழிப்பண்ணை, ஐம்பதாயிரம் முட்டைக்கோழி. தலைக்கு 110 கிராம் வீதம் அவை ஒரு நாளில் தின்கிற ஐந்தரை டன் தீவனத்தின் விலையும் ஏறக்குறைய அந்த 1.75 லட்சத்தைத் தொட்டுவிடும். அதற்காக அண்ணன் விட்டுவிடுவாரா? பிரசவ வார்டுக்கு ஒரு பக்கெட் வாங்கக்கூட மூன்று கொட்டேஷன் கேட்பார்.

சிக்கல் என்னவென்றால், அவருக்குத் தெரிந்த நிர்வாகம் கோழி நிர்வாகம்தான். உள்ளே நுழைந்ததும் முதல் கேள்வி: “டாக்டரம்மா, இந்த மாசம் மார்ட்டாலிட்டி எவ்வளவுங்?” வரிசையில் நிற்கிற கிழவிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். அன்று அவரைக் கையில் பிடிக்க முடியாது. “ஒன்றரை மாசம் வரைக்கும் புள்ளைய அப்படியே உட்டுருவீங்களா? நம்ம குஞ்சுக்கு ஏழாம் நாளே லசோட்டா. ரெண்டாவது வாரம் கம்போரோ. ஒரு நாள் தள்ளுனா ஷெட்டே காலிங்!” பிறந்த அன்றைக்கே பி.சி.ஜி. போட்டாயிற்று என்று நர்ஸ் சொன்னால், “அது குஞ்சு பொரிப்பகத்துல போடற மேரெக்ஸ் மாதிரிங்” என்று ஒப்புக்கொள்வார்.

பார்க்க வருகிறவர்கள் காலைப் பர்மாங்கனேட் தண்ணீரில் நனைத்துவிட்டுத்தான் வார்டுக்குள் போக வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். 2006-ல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக்காய்ச்சல் வந்தபோது இங்கே முட்டை விலை படுத்ததைப் பார்த்தவர் அவர்; வெளியாள் என்றாலே பயம். பிரசவித்த பெண்ணின் மாமியாரும் வெளியாளா என்று டாக்டரம்மா கேட்டார். “மொத வெளியாளே அவங்கதானுங்” என்றார் அண்ணன். கூட்டத்தில் சட்டென்று கைதட்டல். கை தட்டியது நர்ஸ் பெண்கள் என்று சொல்கிறார்கள். மினிட்ஸ் நோட்டில் அது ஏறவில்லை.

இந்த மினிட்ஸ் நோட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மற்ற உறுப்பினர்களைத் தேடி அது வீட்டுக்கே போகும். கையெழுத்தோடு திரும்பி வரும். அவர்களால் யாருக்கும் தொல்லை இல்லை, நல்ல மனிதர்கள். நம் ஆள்தான் நேரில் வந்து தொலைகிறார். தடுப்பூசி வைத்திருக்கும் ஐஸ் பெட்டியின் தெர்மாமீட்டரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறார். 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பதை அவருக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை. கோழி மருந்துக்கும் அதே கணக்குத்தான். ஒருநாள் முள் பத்தைத் தாண்டி நின்றது. கரண்ட் போய் நெடுநேரம் ஆகியிருந்தது. அரை மணியில் பண்ணை ஜெனரேட்டர் டெம்போவில் வந்து இறங்கியது. டீசல் கணக்கை இதுவரை கேட்கவில்லை. அடுத்த கூட்டத்தில் கேட்பார், மூன்று கொட்டேஷனோடு.

மேல்நிலைத் தொட்டியைக் கழுவ வைத்ததும் அவர்தான். “கோழிக்கே குளோரின் போட்ட தண்ணிதான் குடுக்கறோம்” என்று கத்தினார். அன்று மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

போன மாதம் டாக்டரம்மா அவரைப் பிடித்து உட்கார வைத்து, கையில் பட்டையைச் சுற்றி பி.பி. பார்த்தார். 170-க்கு 100.

“இதுக்கு முன்னால எப்பங்க பார்த்தீங்க?”

“நமக்கென்னங், நல்லாத்தான இருக்கறோம்.”

ஒரு மாத மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். அண்ணன் கவரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு டாக்டரம்மா மனம் நோகாதபடி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“தப்பா நெனச்சுக்காதீங்க. எதுக்கும் நம்ம பண்ணை டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டுக்கறனுங்.”